மணலில் நிற்காத பசளை

கற்பிட்டிக் குடாநாட்டில், குறிஞ்சிப்பிட்டித் தோட்டத்து மண்ணைக் கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்காது. நனைத்துப் பிசைந்தாலும் விரலிடுக்கால் உதிர்ந்துவிடும். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் தேங்காது, சேறாகாது. ஊற்றிய இடத்திலேயே மறைந்துபோகும். நீர் தேங்காத இந்தக் குணத்தால்தான் அங்கே வெங்காயம் அழுகாமல் விளைகிறது. மிளகாயும் பீற்றூட்டும் வேரோடுகின்றன. கிணறு தோண்டினால் சில மீற்றர் ஆழத்திலேயே நீர் கிடைக்கிறது. வெயிலுக்கும் குறைவில்லை. ஆனால் தண்ணீர் போகும் வழியேதான் பசளையும் போகிறது. தோட்டக்காரர் யூரியாவைத் தூவுவது வெங்காயத்துக்கு. அதில் ஒரு பெரும்பங்கு போய்ச் சேர்வது, அதே தோட்டத்தின் மூலையில் இருக்கும் கிணற்றுக்கு.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தி அல்ல. 1986இலேயே பிரித்தானிய புவிச்சரிதவியல் ஆய்வு நிறுவனம் கற்பிட்டியின் விவசாயம் நிலத்தடி நீரை எப்படிப் பாதிக்கிறது என்று தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டில் லியனகே, தாப்ரூ, குருப்புஆராச்சி ஆகிய மூன்று இலங்கை ஆய்வாளர்கள் கற்பிட்டிக் கிணற்று நீரில் உள்ள நைத்திரேற்றையும், அங்கே விளையும் உணவுப் பயிர்களில் உள்ள நைத்திரேற்றையும் சேர்த்து அளந்து, தேசிய விஞ்ஞான மன்றத்தின் சஞ்சிகையில் எழுதினார்கள். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயமும் அதே அளவைத்தான் வைத்திருக்கிறது. தீவிரமாகப் பயிர் செய்யும் இடங்களில் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகளை ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்திருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் இதே கதைதான்.

அப்படியென்றால் மணலுக்குப் பசளையைப் பிடித்து வைக்கும் சக்தியைக் கொடுக்க முடியாதா? முடியும். மண்ணோடு சேர்க்கும் சில பொருள்கள் அதைச் செய்யும். எதைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது, எதைச் சேர்க்கக்கூடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. களிமண் நிலத்துக்கு எழுதிய அறிவுரையை மணல் நிலத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் காசும் போகும், கிணறும் கெடும்.

முதலில் பசளை ஏன் நிற்பதில்லை என்று பார்ப்போம். யூரியாவில் 46 வீதம் நைதரசன். மண்ணில் விழுந்ததும் யூரியா நீரில் கரைகிறது. கரைந்த யூரியாவுக்கு மின்னேற்றம் கிடையாது; மண் துணிக்கை எதிலும் அது ஒட்டாது. சில நாட்களுக்குள் மண்ணில் உள்ள யூரியேஸ் என்னும் நொதியம் அதை அமோனியமாக மாற்றிவிடும். அமோனியம் நேரேற்றம் கொண்ட அயன். களித் துணிக்கைகளின் மேற்பரப்பும் மக்கிய சேதனப் பொருளின் மேற்பரப்பும் எதிரேற்றம் கொண்டவை. ஆகவே அமோனியத்தை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் இந்த வெப்பநிலையில் அமோனியம் நெடுநாள் அமோனியமாக இருப்பதில்லை. பற்றீரியாக்கள் ஒன்றிரண்டு வாரங்களில் அதை நைத்திரேற்றாக மாற்றிவிடுகின்றன. நைத்திரேற்று எதிரேற்றம் கொண்டது. அதைப் பிடிக்க மண்ணில் அநேகமாக எதுவும் இல்லை. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும்.

ஒரு மண் நேரேற்ற அயன்களை எவ்வளவு பிடித்து வைக்கும் என்பதைக் கற்றயன் மாற்றீட்டுக் கொள்ளளவு என்பார்கள். அதை ஒரு கிலோ மண்ணுக்கு இத்தனை சென்றிமோல் என்று அளப்பார்கள். வெறும் மணலில் அது 1 முதல் 5 வரை. நல்ல களியில் பல மடங்கு. நன்றாக மக்கிய சேதனப் பொருளிலோ 150, 200 என்று ஏறும். கடற்கரை மணலில் களியும் இல்லை, சேதனப் பொருளும் அரிது. வெப்பத்தில் இலைதழை வேகமாக உக்கிப் போய்விடுகிறது. ஆகவே நைத்திரேற்றாக மாறும் முன்பே, அமோனியமாக இருக்கும் நிலையிலேயே, பசளைக்கு அங்கே இடம் போதாது.

இதற்கு மேல் உப்பு வேறு.

கற்பிட்டிக் குடாநாட்டுக்கு ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறுபக்கம் புத்தளம் களப்பு. நடுவில் மணலுக்குள், உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் மெல்லிய நன்னீர்ப் படைதான் எல்லோருக்குமான குடிநீரும் பாசன நீரும். பெய்யும் மழையைத் தவிர அதற்கு வேறு வருமானம் இல்லை. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது, அதனால்தான் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்க முடியும் என்று பாடொன் கைபன், ஹெர்ஸ்பேர்க் என்ற இரு ஐரோப்பியர்கள் நூறு வருடங்களுக்கு முன்பே தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கை மறுபக்கமாகப் படித்தால்தான் பயம் வரும். பம்பி போட்டு இறைத்து மேல்மட்டத்தை 10 சென்றிமீற்றர் குறைத்தால், காலப்போக்கில் கீழே உப்பு நீர் 4 மீற்றர் மேலே ஏற இடமுண்டு.

கிணற்று நீர் சற்றே உவர்த்தால் தோட்டத்துக்கு என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு. மின்கடத்துதிறன் 1 டெசிசீமன் காட்டும் நீர், வாயில் வைத்தால் பெரிதாக உப்புக் கரிக்காது. அதில் லீற்றருக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். ஓர் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் பாய்ச்சினால் அது சுமார் 20,000 லீற்றர். அதாவது தினமும் ஏறத்தாழ 13 கிலோ உப்பு. 80 நாள் வெங்காயப் பயிர் முடியும்போது, அந்த ஏக்கரில் ஒரு தொன்னுக்கு மேல் உப்பு இறங்கியிருக்கும். வெங்காயமோ உப்புக்கு மிகவும் கூசுகிற பயிர். வேர்ப்பகுதி மண்ணின் உப்பு 1.2 டெசிசீமனைத் தாண்டியதும் விளைச்சல் இறங்கத் தொடங்கும். அதன்பின் ஒவ்வொரு அலகுக்கும் 16 வீதம் குறையும். மிளகாய் 1.5இல் தொடங்கும். பீற்றூட் 4 வரை தாங்கும். மாஸ், ஹொஃப்மன் இருவரும் 1977இல் தொகுத்த இந்த அட்டவணையை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்.

உப்பு பயிரை மட்டும் தாக்குவதில்லை, பசளையையும் தாக்குகிறது. மணலில் இருக்கிற கொஞ்சப் பிடிமானத்தையும் சோடியம் வந்து நிரப்பி, அமோனியத்தையும் பொற்றாசியத்தையும் வெளியே தள்ளுகிறது. வேருக்குள் நைத்திரேற்று நுழையும் வழியில் குளோரைட்டு போட்டி போடுகிறது. உப்பால் வாடிய செடி குறைவாகத்தான் நீர் உறிஞ்சும். நீரோடு வர வேண்டிய நைத்திரேற்றும் மண்ணிலேயே மிஞ்சும். உப்பு இன்னும் ஏறினால் நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்களே மந்தமாகிவிடும். அப்போது அமோனியம் மேற்பரப்பிலேயே தங்கி, சிப்பி ஓட்டுத் துணிக்கை கலந்த காரத்தன்மையான மணலில் அமோனியா வாயுவாகப் பறந்துபோகும். இலை மஞ்சளிப்பதைப் பார்த்து தோட்டக்காரர் இன்னும் கொஞ்சம் யூரியா தூவுகிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது பசளைக் குறைவு. மண்ணில் நடப்பதோ உப்பின் வேலை.

இந்த நிலத்தின் உண்மையான சிக்கல் இனித்தான் வருகிறது. உப்பைப் போக்க ஒரே வழி நல்ல நீரால் அதைக் கழுவிக் கீழே இறக்குவது. நைத்திரேற்றை வைத்திருக்க ஒரே வழி நீரைக் கீழே இறங்கவிடாமல் பார்ப்பது. இரண்டும் ஒரே நீரில் கரைகின்றன. உப்பைக் கழுவும் ஒவ்வொரு தடவையும் பசளையும் கழுவப்படுகிறது. கரையோர உவர் நிலத்தில் மண் திருத்தப் பொருள் எதைச் சேர்த்தாலும், இந்த முரண்பாட்டுக்கு அது என்ன செய்யப் போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வியோடு ஜிப்சத்தைப் பார்ப்போம். உவர் நிலம் என்றதும் பலரும் முதலில் சொல்வது ஜிப்சம். அது கல்சியம் சல்பேற்று. சோடியம் ஒட்டிக்கொண்டதால் களித் துணிக்கைகள் சிதறி, மண் இறுகி, நீர் இறங்காமல் கிடக்கும் நிலங்களில் ஜிப்சம் அருமையான மருந்து. கல்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும், களி மீண்டும் குருணை குருணையாகச் சேரும், நீர் இறங்கும். ஆனால் குறிஞ்சிப்பிட்டி மணலில் இறுகுவதற்குக் களியே இல்லை. நீர் இறங்காத பிரச்சினையும் இல்லை. தேவைக்கு அதிகமாக இறங்குவதுதான் பிரச்சினை. கல்சியமும் சிப்பிச் சுண்ணாம்பில் ஏற்கெனவே இருக்கக்கூடும். அங்கே மண்ணைப் பரிசோதிக்காமல் மூட்டை மூட்டையாக ஜிப்சம் போடுவது, கரையும் உப்பு ஒன்றை மேலும் சேர்ப்பதுதான். ஊர் ஊராக ஒரே மருந்தை எழுதிக்கொடுக்கும் பழக்கத்தால் கரையோர மணல் நிலத்துக்கு நன்மை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மணலுக்கு வேண்டியது இரண்டு: நீரைச் சற்று நேரம் தாங்கி நிற்கும் பொருள், நேரேற்ற அயன்களைப் பிடிக்கும் மேற்பரப்பு. இரண்டும் சேர்ந்த பொருள் புத்தளம் மாவட்டத்தில் குவிந்து கிடக்கிறது. தும்பு ஆலைகளில் நார் எடுத்தபின் மிஞ்சும் தும்புச்சோறுதான் அது. புத்தளமும் குருநாகலும் கம்பஹாவும் சேர்ந்ததுதான் இலங்கையின் தென்னை முக்கோணம். தென்னை ஆராய்ச்சி நிறுவனமும் இதே மாவட்டத்து லுணுவிலவில்தான் இருக்கிறது. மணற்பாங்கான தென்னந்தோப்புகளில் தேங்காய்ப் பொச்சுகளைக் குழியில் அடுக்கிப் புதைத்து ஈரம் காப்பது அந்த நிறுவனம் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கும் முறை. தென்னைக்குத் தெரிந்த அந்த வித்தை வெங்காயப் பாத்திக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

தும்புச்சோறு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தாங்கும். அயன்களைப் பிடிக்கும் கொள்ளளவும் மணலோடு ஒப்பிட முடியாத அளவு அதிகம். ஆனால் ஆலையிலிருந்து வந்த சூட்டோடு அதைப் பாத்தியில் கொட்டக்கூடாது. காரணங்கள் இரண்டு. ஒன்று உப்பு. பொச்சுமட்டையை எந்த நீரில் ஊறவைத்தார்களோ அந்த நீரின் உப்பு தும்புச்சோற்றில் ஏறியிருக்கும். பொற்றாசியம் குளோரைட்டு அதில் இயல்பாகவே உண்டு. உவர் நிலத்தைத் திருத்தக் கொண்டுபோகும் பொருளே உவர்ப்பாக இருந்தால் என்ன பயன்? மின்கடத்துதிறன் மானி இல்லாத வீட்டிலும் இதைச் சோதிக்கலாம். ஒரு தட்டில் அலசாத ஈரமான தும்புச்சோறு, இன்னொரு தட்டில் நன்னீரில் இரண்டு மூன்று தடவை அலசிய தும்புச்சோறு. இரண்டிலும் ஒரே கைப்பிடிப் பயற்றை விதையுங்கள். நான்கைந்து நாளில் முதல் தட்டில் முளை குட்டையாக, நுனி கருகி நின்றால், அலசாமல் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று பொருள். அலசிய நீரைக் கிணற்றுப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் காபனும் நைதரசனும் இருக்கும் விகிதம். பச்சைத் தும்புச்சோற்றில் அது நூறுக்கு ஒன்றையும் தாண்டும். அப்படிப்பட்ட பொருளை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள், தங்களுக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு முறையை வகுத்துப் பரப்பியிருக்கிறது. ஒரு தொன் தும்புச்சோற்றுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும். அடுக்கடுக்காகப் பரப்பி, இரண்டையும் மாறி மாறித் தூவி, ஈரம் காயாமல் வைத்திருந்தால் காளான் பூசணம் கடினமான லிக்னினை உடைக்கும். நன்றாக உக்கியதும் பொருள் கறுத்து, விகிதம் 112இலிருந்து 24 அளவுக்கு இறங்கும் என்பது அப்பல்கலைக்கழகம் தரும் கணக்கு. அதன்பின் அதைக் கூட்டெருவாகவே பாத்தியில் சேர்க்கலாம்.

அடுத்தது கரி. உமியைக் காற்று அதிகம் படாமல் புகையவிட்டுக் கரியாக்குவது நம்மவர்க்குப் புதிதல்ல. நாற்றுமேடையில் உமி எரிப்பது பழைய வழக்கம். மரத்தையோ உமியையோ ஒட்சிசன் குறைவான சூட்டில் கரியாக்கினால் கிடைக்கும் துளைகள் நிறைந்த பொருளுக்கு உயிர்க்கரி என்று பெயரிட்டு, கடந்த இருபது வருடங்களில் உலகம் முழுவதும் ஆராய்ந்திருக்கிறார்கள். தும்புச்சோறு சில வருடங்களில் உக்கித் தீர்ந்துவிடும். கரி பல தசாப்தங்கள் இருக்கும். வெப்பமான மணல் நிலத்தில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் கரியைப் பற்றிச் சொல்லப்படுவதில் மிகை அதிகம். எண்களைப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் அயோவாவில் டேவிட் லெயர்டும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பன்றி எரு இட்ட மண் நிரலில் ஒரு கிலோ மண்ணுக்கு 20 கிராம் கரி சேர்த்தார்கள். கீழே வடிந்த நீரில் கரைந்த பொசுபரசு 69 வீதம் குறைந்தது. நைதரசன் குறைந்தது 11 வீதம் மட்டுமே. பொசுபரசுக்கு மிக நல்லது, நைதரசனுக்குச் சுமார். நைத்திரேற்றுக்கும் கரியின் மேற்பரப்புக்கும் ஒரே ஏற்றம் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

இந்தக் குறையை எப்படித் தாண்டுவது என்பதற்கு 2015இல் ஜெர்மனியின் கிளவுடியா கம்மனும் சகாக்களும் ஒரு விடை கொடுத்தார்கள். அவர்கள் கினோவாச் செடியைத் தொட்டியில் வளர்த்து, மண்ணின் எடையில் 2 வீதம் கரி சேர்த்தார்கள். புதுக் கரி சேர்த்த தொட்டியில் செடியின் எடை, கரியே இல்லாத தொட்டியில் விளைந்ததில் 60 வீதமாகக் குறைந்துவிட்டது. அதே கரியை முதலில் கூட்டெருக் குவியலில் போட்டு, குவியலோடு முதிரவிட்டு எடுத்துச் சேர்த்தபோது 305 வீதமாக ஏறியது. கூட்டெருவுக்குள் கிடந்த கரியின் துளைகளில் நைத்திரேற்று பெருமளவு தங்கியிருந்தது. அது மெதுவாகத்தான் வெளியே வந்தது. குவியலில் இருக்கும் காலத்தில் கரியின் துளைச் சுவர்களில் மெல்லிய சேதனப் படலம் ஒன்று படிகிறது என்றும், அதுவே இந்தக் குணத்துக்குக் காரணம் என்றும் பின்வந்த ஆய்வு விளக்கியது. தொட்டியில் கிடைத்த 305ஐ யாரும் தோட்டத்தில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அது காட்டும் திசை தெளிவானது. உமிக்கரியை நேரே பாத்தியில் கொட்டுவது வீண். சில வேளை கெடுதல். மாட்டெரு, தும்புச்சோறு, கிளிரிசிடியா இலைதழை போட்ட கூட்டெருக் குவியலின் தொடக்கத்திலேயே கரியைக் கலந்துவிட வேண்டும். கரி காரத்தன்மை உடையது என்பதால், ஏற்கெனவே காரமான மணலில் அதைத் தனியே போட்டால் அமோனியா பறப்பதும் கூடும். குவியலில் முதிர்ந்த கரியில் அந்தக் குறையும் தணிகிறது.

எவ்வளவு வேண்டும்? இங்கேதான் பலருடைய உற்சாகம் அடங்கும். ஓர் ஏக்கரின் மேல் 15 சென்றிமீற்றர் மணல் ஏறத்தாழ 900 தொன் எடை இருக்கும். அதில் ஒரு வீதம் கரி என்றால் 9 தொன். கால் ஏக்கர் வைத்திருப்பவர்கூட இரண்டு தொன்னுக்கு மேல் உமிக்கரி தேட வேண்டும். ஆகவே தோட்டம் முழுவதும் பரப்பும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். மிளகாய்க்கு நடுகுழியில் மட்டும், வெங்காயத்துக்குப் பாத்தியில் வேர் இருக்கும் ஆழத்தில் மட்டும், ஒவ்வொரு போகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே நடக்கக்கூடிய காரியம். கரி எளிதில் உக்காது என்பதால் வருடா வருடம் அது மண்ணில் ஏறிக்கொண்டே போகும்.

சேர்க்கக் கூடாதது ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். குடாநாட்டிலேயே நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. 2011இல் முதற்கட்டம் இயங்கத் தொடங்கி, 2014இல் முழுமையானது. நிலக்கரிச் சாம்பலை மண் திருத்தியாகப் பயன்படுத்தலாம் என்று வேறு நாடுகளில் ஆய்வுகள் உண்டு. அதில் உள்ள நுண்துணிக்கைகள் மணலுக்கு நீர் பிடிக்கும் குணத்தைக் கொடுக்கும் என்பதும் உண்மையே. ஆனால் நிலக்கரிச் சாம்பலில் போரன், ஆர்சனிக் போன்றவை இருக்கக்கூடும். நைத்திரேற்றைக்கூடத் தடுக்க முடியாத மணல், அவற்றை எப்படித் தடுக்கும்? சில மீற்றர் கீழே குடிநீர் இருக்கும் நிலத்தில் இந்தப் பரீட்சை வேண்டாம்.

எதைச் சேர்த்தாலும், நீர் விடும் முறையும் பசளை போடும் முறையும் மாறாவிட்டால் பயன் பாதிதான். வெங்காயத்தின் வேர் தங்கும் மேல் 20 சென்றிமீற்றர் மணல், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீராக ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றரைத்தான் தாங்கும். பம்பி போட்டுத் தூவல் குழாயைத் திறந்து 20 மில்லிமீற்றர் பாய்ச்சினால், மிச்சம் எல்லாம் வேரைத் தாண்டிக் கீழே போகும். போகும்போது நைத்திரேற்றையும் கூட்டிக்கொண்டு போகும். யூரியா தூவிய அன்றே இப்படிப் பாய்ச்சினால் யூரியாவே கரைந்து இறங்கிவிடும். கற்பிட்டித் தோட்டங்களில் தூவல் முறை பரவலாக வந்திருப்பது நல்ல மாற்றம். ஆனால் எத்தனை நிமிடம் ஓடினால் எத்தனை மில்லிமீற்றர் என்று பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. பாத்தியில் நான்கு ரின் பேணிகளை வைத்துக் கால் மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு, பேணியில் நின்ற நீரை அடிமட்டத்தால் அளந்தாலே போதும். பத்து மில்லிமீற்றர் எத்தனை நிமிடத்தில் நிறைகிறது என்று தெரிந்துவிடும். பசளையையும் ஒரே தடவையில் கொட்டாமல் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து இட வேண்டும். தும்புச்சோறும் கரியும் செய்வதெல்லாம் பயிருக்குச் சில நாள் அவகாசம் வாங்கித் தருவதுதான். அந்த அவகாசத்துக்குள் வேர் உறிஞ்சி முடிக்கும் அளவைத்தான் நாம் போட வேண்டும்.

உப்பைக் கழுவும் வேலையை மழைக்கு விட்டுவிடுவதே நல்லது. வருடத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீற்றர் பெய்யும் இந்தக் கரையில், ஐப்பசி கார்த்திகை மழைதான் நிலத்தை உண்மையாகக் கழுவுகிறது. ஆகவே அந்த மழை தொடங்கும்போது பாத்தியில் மிச்ச நைத்திரேற்று இருக்கக் கூடாது. அறுவடைக்கும் மழைக்கும் இடையில் நிலத்தை வெறுமனே விடாமல் குரக்கனோ சோளமோ நெருக்கி விதைத்தால், எஞ்சிய நைத்திரேற்றை அது வேரால் இழுத்துத் தண்டில் வைத்துக்கொள்ளும். பின்னர் அதையே வெட்டிக் கூட்டெருவில் போடலாம். வைக்கோலை மண்ணில் புரட்டிவிட்டாலும் நுண்ணுயிர்கள் அந்த நைத்திரேற்றைத் தங்கள் உடலில் கட்டிவைக்கும். மழை கழுவும்போது உப்பு மட்டும் இறங்கும். கழுவலுக்கும் பிடித்து வைப்பதற்கும் இடையிலான முரண்பாட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: இரண்டையும் வேறு வேறு காலத்தில் செய்வது.

சேதனப் பசளைக்கு மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட மாதங்களில் நாடு முழுவதும் விவசாயிகள் பட்ட பாடு மறக்க முடியாதது. அதன்பின் யூரியாவின் விலை பல மடங்கு ஏறியது. ஆனால் அந்த விவாதம் முழுவதும் எந்தப் பசளை என்பதிலேயே நின்றுவிட்டது. போட்ட பசளை எங்கே போகிறது என்று கேட்டவர்கள் குறைவு. கோழி எருவில் இருக்கும் நைதரசனும் மணலில் நைத்திரேற்றாகத்தான் மாறும். மழைக்கு முந்திய நாள் ஏக்கருக்குப் பல தொன் கோழி எரு போட்டால் அதுவும் கிணற்றுக்குத்தான் போகும். போதாததற்குக் கோழி எருவில் உப்பும் அதிகம்.

இதெல்லாம் விளைச்சல் கணக்கு மட்டும் அல்ல. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதில் பாதி நைத்திரேற்றாகிக் கீழே இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 51 கிலோ நைத்திரேற்று. நைத்திரேற்றே இல்லாத 10 இலட்சம் லீற்றர் நல்ல நீரை 50 மில்லிகிராம் எல்லைக்குக் கொண்டுவர அது போதும். ஒரே ஒரு மூட்டையின் பாதி! குடாநாட்டின் மெல்லிய நன்னீர்ப் படைக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். அதே நீரைத்தான் பரம்பரையாக அங்கே வாழ்பவர்களும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரையில் வந்து குடியேறிய குடும்பங்களும் குடிக்கிறார்கள்.

அந்த நீரால் ஆபத்து முதலில் வருவது கைக்குழந்தைகளுக்கு. 1945இல் அமெரிக்க மருத்துவர் ஹண்டர் கொம்லி, அயோவாப் பண்ணை வீடுகளில் உடல் நீலம் பாரித்து வந்த குழந்தைகளின் பால்மா கலந்த நீரைத் தேடிப் போய், கிணற்று நைத்திரேற்றைக் கண்டார். நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாகி, குருதியில் உள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் காவ முடியாதபடி மாற்றிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளால் அதைத் தாங்க முடியாது. நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதால் நாவால் கண்டுபிடிக்கவும் முடியாது.

விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழகங்களும் கற்பிட்டியில் மண் திருத்திகளைப் பரீட்சிக்கும்போது, விளைச்சலை மட்டும் நிறுத்துவிட்டுப் போகாமல், வேருக்குக் கீழே வடியும் நீரையும் பக்கத்துக் கிணற்றையும் அளக்க வேண்டும். ஒரு போகத்துக்கு அல்ல, ஒரு மழைக்காலமாவது கடந்து. உள்ளூர்த் தும்புச்சோறும் உள்ளூர் உமியும் எவ்வளவு செய்யும் என்பதற்கு அந்த நிலத்திலேயே எடுத்த எண்கள் இருந்தால்தான் தோட்டக்காரர் நம்பிக் காசு போடுவார். கரையோரத்தில் தோட்டமும் கிணறும் ஒரே வளவில் வைத்திருக்கும் வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். மழைக்கு முன் ஒரு தடவையும் மழைக்குப் பின் ஒரு தடவையும் கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடம் போன்ற ஓர் இடத்தில் கொடுத்து நைத்திரேற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 50ஐத் தாண்டினால், வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அன்றைக்கே பால்மாவுக்கு வேறு நீர் எடுங்கள்.